கர்ப்பத்தில் ரத்தப் பரிசோதனையா, பனிக்குட நீரா?

குடியாத்தத்திலிருந்து ஸ்கேனுக்காக வேலூர் வந்த சித்தி மகளுக்கு வயது 38. 11 வாரக் கர்ப்பம். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (அறிவு வளர்ச்சி தாமதப்படும் பிறவிக் குறை) இருக்கிறதா என்று பார்க்க, அவள் ரத்தத்தைச் சோதிப்பதா, குழந்தையைச் சுற்றியுள்ள பனிக்குட நீரை எடுத்துச் சோதிப்பதா என்பது கேள்வி. "எதை எடுக்கட்டும் அக்கா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

வயது ஏன் முக்கியம்? அவள் தன் தாய் வயிற்றில் இருந்தபோதே கருமுட்டைகளில் குரோமோசோம்கள் (மரபுச் செய்தியைத் தாங்கும் இழைகள்) ஜோடி சேர்ந்து பாதியில் நின்றுவிட்டன. முட்டை வெளிவரும் மாதத்தில்தான் பிரியும். இத்தனை வருடப் பிடிப்பு தளர்ந்தால் 21ஆம் ஜோடி பிரியாமல் ஒரே பக்கம் போகலாம். அப்போது 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாகி, குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் வரும். விந்தணு புதிது புதிதாக உருவாவதால் அங்கே இந்தத் தவறு குறைவு.

எப்போது: என்.ஐ.பி.டி. எனப்படும் இந்த ரத்தப் பரிசோதனை 10ஆம் வாரம் முதல். பனிக்குட நீர் 15ஆம் வாரத்துக்குப் பிறகு.

சிரமம்: ஒன்றில் கையில் ஊசி. இன்னொன்றில் ஸ்கேன் பார்த்தபடி வயிற்றில் ஊசி. கருக்கலையும் வாய்ப்பு உண்டு, ஆனால் 100ல் 1க்கும் குறைவு.

உறுதி: தாயின் ரத்தத்தில் கிடைப்பது நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ. (மரபுப் பொருள்), குழந்தையின் செல் அல்ல. அதனால் சந்தேகத்தை மட்டுமே சொல்லும். நீரில் குழந்தையின் செல்களே இருக்கின்றன. குரோமோசோமை எண்ணியே பார்க்கலாம்.

வயது மட்டுமே கவலை என்றால் முதலில் ரத்தம் போதும். அதில் ஆபத்து என்று வந்தாலோ, ஸ்கேனில் குறை தெரிந்தாலோ பனிக்குட நீர்தான். ரத்த முடிவை மட்டும் நம்பிக் கருவைக் கலைக்கவே கூடாது. சரி, அவளை ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.