மூன்றரை அங்குலத் திரையில் மாயேபூர்க் கடல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லகூனுக்குள்ளேயே தூண்டில் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவருக்கு மீன் காட்டும் கருவி தேவையே இல்லை. மொரீஷியசைச் சுற்றியுள்ள பவளப்பாறை வளையத்துக்கு உள்ளே பல இடங்களில் ஆள் உயரத் தண்ணீர்கூட இராது. தரையைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தக் காசில் எஞ்சினைச் சர்வீஸ் செய்துகொள்ளுங்கள்.

பாறையைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியன், மொரீஷியசின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் மாயேபூர்க்காரன். பதினெட்டு அடி பிரோக் ஒன்று வைத்திருக்கிறேன். மரப் படகு; கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யும் 15 குதிரைத்திறன் எஞ்சின். கூட வருபவர் என் மனைவியின் மாமா. இங்கே பெரியவர்களைக் கிரியோலில் தோந்தோன் என்போம். ஊரில் அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. காவடி விரதம் பத்து நாள் தவிர மற்ற நாளெல்லாம் அவருக்குக் கடல்தான்.

தோந்தோனிடம் கருவி எதுவும் கிடையாது. சிங்கமலை உச்சியைக் கரையில் இருக்கும் ஏதோ ஒரு மரத்தின்மேல் வைப்பார். மறுபக்கம் ஒரு தீவின் முனையை இன்னொரு அடையாளத்தோடு சேர்ப்பார். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் ஈயக்குண்டை இறக்கிவிட்டு, "இதோ கல்" என்பார். கல் அங்கே இருக்கும். கல் இருந்தால் வியேய் ரூஜ் இருக்கும், அதாவது நம் களவா வகை. இந்த வித்தையில் ஒரே குறை, மலை தெரிய வேண்டும். தென்கிழக்குக் காற்று மழையைத் தள்ளிக்கொண்டு வரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சிங்கமலை அரை நாள் காணாமல் போய்விடும்.

கருவிகளைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தது 2020இல். அந்த ஜூலை 25ஆம் தேதி வக்காஷியோ என்ற சரக்குக் கப்பல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பாறையில் ஏறியது. ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கடலில் கலந்தது. எண்ணெயைத் தடுக்க ஊரே உட்கார்ந்து கரும்புச் சோகையைத் துணிக்குள் அடைத்து மிதவை தைத்தது, என் வீட்டுப் பெண்களும் நானும் உட்பட. அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் மாதக்கணக்கில் மீன்பிடிக்கத் தடை. படகு கரையில் கிடந்தது. எனக்கு வேறு வேலை இல்லை.

படித்தும் முதலில் ஏமாந்தேன். பெயரே கேள்விப்படாத ஒரு கருவியைக் கடைக்காரர் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். திரை முழுக்கக் குட்டிக் குட்டி மீன் படங்கள், மீன் வரும்போது 'பீப்' சத்தம் வேறு. பேரன் கைதட்டினான், நானும் மயங்கிவிட்டேன். கடலில் போட்டால் பாறைக்கு வெளியே காலி மணல்மேல்கூட மீன் கூட்டம் காட்டியது. தோந்தோன் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மீனும் எங்கே, உன் பெட்டிக்குள்ளேயா?" என்றார். மூன்றாவது வாரம் உப்பு உள்ளே இறங்கி, திரை இருண்டுபோனது. வாரண்டிச் சீட்டோடு கடைக்குப் போனேன். சீட்டில் தண்ணீர் பட்டால் செல்லாது என்று அச்சடித்திருப்பதைக் கடைக்காரர் விரலால் தொட்டுக் காட்டினார். கடலில் வைக்கும் பொருளுக்கு!

அந்த மீன் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல கருவியிலும் அந்த வசதி இருக்கும், அணைத்துவிடுங்கள். கருவி ஒலியை அனுப்புகிறது, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிடுகிறது, அவ்வளவுதான். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 75 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப நொடியில் பத்தில் ஒரு பங்கு. இடையில் எது தட்டுப்பட்டாலும், அது பாசிக் கொத்தோ காற்றுக் குமிழியோ, மீன் படம் போட்டுவிடும். படத்தை அணைத்துவிட்டு வெறும் எதிரொலியைப் பார்க்கப் பழகுங்கள். படகு மெல்ல நகரும்போது மீன் வில் போல வளைந்து தெரியும். கருவி அனுப்பும் ஒலி கீழே போகப் போகக் கூம்பாக விரியும். அந்தக் கூம்பின் ஓரத்தில் நுழையும் மீன் தூரம், நடுவில் கிட்டம், மறுபடி தூரம். அதனால் அந்த வளைவு. நங்கூரம் போட்டு நின்றால் அதே மீன் நீண்ட கோடாகிவிடும். முதல் வாரம் அந்தக் கோட்டை விலாங்கு என்று நினைத்தேன்.

சரி, இரண்டாவதாக வாங்கியதற்கு வருகிறேன்: கார்மின் ஸ்ட்ரைக்கர் 4. தங்கை மகன் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். திரை மூன்றரை அங்குலம். என் கைபேசியைவிடச் சிறியது, ஆனால் பொத்தான் வைத்தது. மீன் செதிலும் இரையும் ஒட்டிய விரலால் தொடுதிரையைத் தடவிப் பார்த்தவருக்குப் பொத்தானின் அருமை புரியும். மெனுவைப் பிரெஞ்சில் வைத்துக்கொண்டேன். கடல்நீரில் 229 மீட்டர் வரை அடியைக் காட்டும் என்று கார்மின் சொல்கிறது. நன்னீரில் இதே கருவிக்கு 488 மீட்டர். வாங்கும்போது எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்று கவனியுங்கள். உப்புநீர் ஒலியை விழுங்கும், கடைக்காரர்கள் சொல்வது எப்போதும் பெரிய எண். நான் போவது 30, 40 மீட்டர், மிஞ்சினால் 80. எனக்கு இது தாராளம்.

இரண்டு அலைவரிசை உண்டு: 77 கிலோஹெர்ட்ஸ் ஒன்று, 200 கிலோஹெர்ட்ஸ் ஒன்று. 200இன் கூம்பு குறுகல், படம் துல்லியம். 77 அகலமாகப் பார்க்கும், விவரம் கொஞ்சம் கலங்கும். 200இன் 15 பாகைக் கூம்பு அடியில் ஆழத்தின் கால் பங்கு அகலத்தைத்தான் தொடும்; 30 மீட்டர் ஆழத்தில் எட்டு மீட்டர் வட்டம். ஆகவே திரையில் தெரிவது படகுக்குக் கீழே உள்ள ஒரு சின்ன அறை, பக்கத்து வீதி அல்ல. கல் தேடும்போது நான் அகலமானதைப் போடுவேன், கல்லைக் கண்டதும் குறுகலுக்கு மாற்றுவேன்.

எனக்கு மிகவும் பயன்பட்டது மீனைக் காட்டியது அல்ல, தரையைக் காட்டியதுதான். மணல் என்றால் அடிக்கோடு மெலிந்து வரும். கல் என்றால் தடித்துப் பிரகாசமாகும். சில நேரம் இரட்டிப்பு ஆழத்தில் இன்னொரு கோடு மங்கலாகத் தோன்றும். எதிரொலி மேற்பரப்பில் பட்டு மறுபடி கீழே போய் வருவதால் அப்படி. இரண்டாவது கோடு கண்டால் கெட்டித் தரை. மணலும் கல்லும் சேரும் விளிம்பில்தான் கப்பித்தேன், நம் விளைமீன், மேயும். இதைத் தோந்தோன் எனக்கு ஈயக்குண்டின் அடியில் ஒட்டி வரும் மணலை வைத்து முப்பது வருடம் முன்பே சொன்னார். அப்போது நான் கவனிக்கவில்லை.

பொருத்துவதில் கோட்டை விட்டேன். ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசரைப் பின்பலகையில் புரொப்பெல்லருக்குப் பக்கத்திலேயே அறைந்தேன். வேகம் எடுத்ததும் குமிழிகளில் எல்லாம் காணாமல் போனது. படகுக்குள்ளேயே ஒட்டி, அடித்தளத்தின் வழியே ஒலி அனுப்பலாம் என்று படித்திருப்பீர்கள். அது உள்ளே நுரையோ மரமோ இல்லாத கெட்டி ஃபைபர் படகுக்கு. என் மரப் படகில் நடக்காது. கடைசியில் சமையலறையிலிருந்து காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையை எடுத்து, பின்பலகையில் எஞ்சினிலிருந்து தள்ளி நிரந்தரமாகப் பொருத்தி, டிரான்ஸ்டியூசரை அதன்மேல் திருகினேன். இடம் மாற்ற வேண்டுமானால் பலகையில்தான் ஓட்டை விழும், படகில் அல்ல. மனைவி இன்னும் அந்தப் பலகையைப் பற்றிப் பேசுகிறாள்.

கயிறு இழுக்கும் எஞ்சினில் பேட்டரி இல்லையே என்று பயப்பட வேண்டாம். திருட்டு அலாரத்துக்குப் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி போதும். இந்தக் கருவி கால் ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும், ஒரு பகல் தாராளமாக ஓடும். மூடியுள்ள டப்பாவில் வைத்து, நடுவில் ஃபியூஸ் போட்டு, இணைப்புகளில் வாசலின் தடவுங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

மீனைக் கூட்டுவதற்காகப் பல நூறு மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்ட, தே-சே-பே என்று நாங்கள் சொல்லும் மிதவைகளுக்குச் சூரையும் கேரையும் தேடிப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே அடி எதற்கு? திரையின் ஆழ வரம்பைக் கையால் 0–100 மீட்டர் என்று நிறுத்திவிடுங்கள். தானியங்கியில் விட்டால் எட்டாத அடியைத் தேடிக் கருவி தாவிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, போனித் என்கிற வரிச் சூரைக்குக் காற்றுப்பை கிடையாது. மீனிடமிருந்து திரும்பும் ஒலியில் பெரும்பங்கு காற்றுப்பையில் பட்டு வருவதுதான். ஆகவே போனித் கூட்டமே கீழே போனாலும் திரை மங்கலாகத்தான் காட்டும். அதற்குப் பறவைகளைப் பாருங்கள்.

ஆழ்கடலே தொழில் என்றால் ஃபுருனோ பக்கம் போங்கள். 1948இல் நாகசாகியில் இந்தக் கருவியை முதன்முதலில் மீனவர் கைக்குக் கொண்டுவந்தவர்கள் ஃபுருனோ சகோதரர்கள். அவர்களுடைய எஃப்.சி.வி. 628 கருவிக்கு 5.7 அங்குலத் திரை, 600 வாட், 50 கிலோஹெர்ட்ஸும் 200 கிலோஹெர்ட்ஸும். டிரான்ஸ்டியூசரைத் தனியாக வாங்க வேண்டும். என் படகுக்கு அது கோவணத்துக்கு ஜரிகைக் கரை. கரையிலிருந்து எறிகிறவர்களுக்கு டீப்பர் என்ற பந்து இருக்கிறது, அடியைக் கைபேசியில் காட்டும். எனக்குக் கடலில் கைபேசியை வெளியே எடுக்கவே பிடிக்காது.

ஸ்ட்ரைக்கரில் கடல் வரைபடம் இல்லை, ஆனால் ஜி.பி.எஸ். உண்டு. இருக்கும் இடத்தைக் குறித்துவைத்து, மறுபடி அங்கே போகலாம். ஒரு ஆகஸ்ட் காலை மலை மழைக்குள் மறைந்துவிட்டது. தோந்தோன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றார். நான் போன வாரம் அவர் காட்டிய கல்லைச் சொல்லாமல் குறித்து வைத்திருந்தேன். அம்புக்குறி காட்டிய வழியில் போய், அடிக்கோடு தடித்த இடத்தில் எஞ்சினை நிறுத்தினேன். அவர் நம்பாமல் ஈயக்குண்டை இறக்கினார். கல். அன்று நான்கு வியேய் ரூஜ், ஒன்று மூன்று கிலோ.

திரும்பி வரும்போது தோந்தோன் வெகுநேரம் பேசவில்லை. பாறை வாய்க்குள் நுழைந்தபிறகு கேட்டார், "இந்தப் படகை நீ விற்றால் இந்தப் பெட்டியும் போகுமா?"

"போகும், தோந்தோன்."

"அப்ப என் கல்லும் போகும். அழி."

அவர் கண் முன்னாலேயே அழித்தேன். பழைய கருவியை விற்கிறவர்களும் இதை மறக்காதீர்கள், குறித்த இடங்களை முதலில் துடைத்துவிடுங்கள். அந்தக் கல் இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். எண்களை நான் முன்பே சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.