சாமானியர் குரலுக்கு எந்த வழி? 1789-க்கு முந்தைய பிரான்ஸ்

1788-ல் பிரெஞ்சு அரசின் கஜானா காலி. புதிய வரி போடுவதென்றால் நாட்டின் சம்மதம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. மக்களில் பெரும்பான்மையான மூன்றாம் பிரிவினருக்கு, அதாவது விவசாயிகள், வணிகர்கள், வக்கீல்கள், கைவினைஞர்களுக்கு, அரசரிடம் பேச என்னென்ன வழிகள் இருந்தன?

முதலாவது, 1614-ல் கடைசியாகக் கூடிய எஸ்டேட்ஸ் ஜெனரலை, அதாவது நாட்டின் மூன்று பிரிவினரின் பிரதிநிதிகள் கூடும் சபையை, அதே பழைய முறையில் கூட்டுவது. அரசரின் ஆணைகளைப் பதிவு செய்யும் பாரிஸ் நீதிமன்றம் 1788 செப்டம்பரில் இதைத்தான் வலியுறுத்தியது. குருமார், பிரபுக்கள், சாமானியர் என்று பிரிவுக்கு ஒரு ஓட்டு. முதல் இரண்டும் கைகோத்தால் மூன்றாவது எப்போதும் தோற்கும். இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அதுவரை அந்த நீதிமன்றத்தைக் கொண்டாடிய மக்களே அதைக் கைவிட்டார்கள்.

இரண்டாவதாக, தெற்கே லாங்தோக் மாகாணத்தில் ஏற்கெனவே இருந்த சபைதான் யோசிக்க வைக்கிறது. அங்கே 23 ஆயர்கள், 23 பிரபுக்கள், சாமானியருக்கு 46 ஓட்டு. எண்ணுவதும் பிரிவுவாரியாக அல்ல, மொத்தமாக. சாமானியருக்கு இரட்டிப்பு இடம், தலைக்கு ஒரு ஓட்டு என்று 1788-ல் நாடெங்கும் கேட்ட இரண்டு கோரிக்கைகளும் அங்கே எப்போதோ நடைமுறையில் இருந்தன! ஆனால் அந்த 46 ஓட்டுகளைப் போட்டவர்கள் நகராட்சி நிர்வாகிகள். ஊர் மக்கள் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. தலைமை நார்போன் பேராயரிடம். பாதி ஓட்டு கையில் இருந்தும் பிரபுக்களின் வரிச்சலுகையை அந்தச் சபை ஒழிக்கவில்லை. எண்ணிக்கை மட்டும் போதாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இந்தச் சபைதான் காரணம்.

அடுத்து, அரசே உருவாக்கிய மாகாண மன்றங்கள். நிதி நிர்வாகத்தைக் கவனித்த நெக்கர் 1778-ல் பெர்ரி மாகாணத்தில் தொடங்கினார். 1787-ல் அமைச்சர் பிரியேன் இதைப் பரவலாக்கினார். இங்கேயும் சாமானியருக்குப் பாதி இடம், தலைக்கு ஒரு ஓட்டு. ஆனால் பெர்ரியின் 48 பேரில் 16 பேரை அரசர் நியமித்தார், மீதிப் பேரை அந்த 16 பேரே சேர்த்துக்கொண்டார்கள். 1787-ன் கிராம மன்றங்களுக்கு மட்டும் தேர்தல் உண்டு. அதிலும் 10 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) வரி கட்டியவருக்கே ஓட்டு. ஊர்ப் பிரபுவும் பங்குக் குருவும் தேர்தல் இல்லாமலே உறுப்பினர்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் கடிவாளம் அரசரின் அதிகாரிகளிடமே இருந்தது.

என் மனம் சாய்வது தென்கிழக்கு மாகாணமான தோஃபினே பக்கம். 1788 ஜூனில் அதன் க்ரெனோபிள் நகரில் மக்கள் கூரைகளில் ஏறி, உள்ளூர் நீதிமன்ற நீதிபதிகளை வெளியேற்ற வந்த படைவீரர்கள்மேல் ஓடுகளை வீசினார்கள். ஜூலை 21 அன்று விஸீல் கோட்டையில் மூன்று பிரிவினரும் அரசரின் அனுமதி இல்லாமலே கூடினார்கள். வக்கீல் பர்னாவும் நீதிபதி முனியேவும் முன்னணியில் நின்றார்கள். சாமானியருக்கு இரட்டிப்பு இடம், தலைக்கு ஓட்டு, உறுப்பினர்கள் தேர்தல் வழியாகவே என்று கேட்டார்கள். கட்டாயச் சாலை வேலைக்குப் பதிலாக வாங்கப்பட்ட வரியை மூன்று பிரிவும் கட்டும் என்றும் முடிவு செய்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் ரொமான் நகரில் கூடிய தோஃபினே மாகாண சபையின் 144 பேரில் 72 பேர் சாமானியர்கள். ஓட்டுப் போட சொத்து வேண்டும் என்பது இதன் குறை. ஆனாலும் பிரபுக்களையும் உடன் அழைத்துக்கொண்டு, மற்ற மாகாணங்களின் வழக்கும் தங்கள் வழக்கே என்று அறிவித்த துணிவு வேறெந்த வழியிலும் இல்லை. பிரான்சின் மேற்கு மாகாணமான பிரிட்டனியில் இதே பேச்சு 1789 ஜனவரியில் ரென் நகரத் தெருச்சண்டையில் போய் முடிந்தது.

எஸ்டேட்ஸ் ஜெனரலில் சாமானியருக்கு இரட்டிப்பு இடம் என்பதை அரசர் 1788 டிசம்பரில் ஏற்றார். ஓட்டு முறையைத் தீர்க்காமல் விட்டார். அப்புறம் 1789 ஜனவரி 24 அன்று அதற்கான தேர்தல் விதிகள் வந்தன. 25 வயதாகி வரிப்பட்டியலில் பெயர் உள்ள ஆண்கள் தேவாலயப் பங்கு வாரியாக, அதாவது ஊர் வாரியாகக் கூடிக் குறைகளை எழுதலாம், பிரதிநிதிகளை அனுப்பலாம். தோஃபினேயைவிட அகலமான கதவு இது. பல அடுக்குத் தேர்தல் என்பதால் மேலே வந்தவர்களில் வக்கீல்களே அதிகம், பிரிட்டனி விவசாயி மிஷேல் ஜெரார் போன்றவர்கள் மிகச் சிலர். ஆனாலும் ஊர்களிலிருந்து தேர்வாகி வந்தவர்கள் என்பதால்தான், 1789 மே மாதம் எஸ்டேட்ஸ் ஜெனரல் கூடியபின் ஓட்டுமுறை தீராமல் ஆறு வாரம் இழுத்தபோதும் அவர்கள் பணியவில்லை. ஜூன் 17 அன்று தங்களைத் தேசிய சபை என்று அறிவித்தார்கள். லாங்தோக் சபையின் சாமானிய உறுப்பினர்களுக்குப் பின்னால் அப்படி யாரும் நிற்கவில்லை.