இடித்துக் கட்டிய பழைய ஃப்ளாட்டா, மேடவாக்கத்துக் கேட்டட் கம்யூனிட்டியா?

சென்னை நங்கநல்லூரில் அப்பா 1988இல் வாங்கிய ஃப்ளாட்டில், ஐந்து வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் காலையில் குளியலறைக் கூரை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, பக்கெட் மேல்தான் விழுந்தது. துருவேறிய கம்பி பல்லிளித்ததைப் பார்த்த பிறகு ஒன்பது வீட்டுக்காரர்களும் மொட்டை மாடியில் கூடினோம். வழி இரண்டுதான். பில்டரிடம் கொடுத்து இடித்துக் கட்டலாம். இல்லையென்றால் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மேற்கொண்டு கடன் வாங்கி, மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் ஒரு கேட்டட் கம்யூனிட்டிக்குப் போகலாம். அக்கா இரண்டாவது வழியில் எனக்கு முன்பே போனவள். நான் முதல் வழியில் போனேன். புது வீட்டில் பால் காய்ச்சி எட்டு மாதம் ஆகிறது. ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

போக்குவரத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். எங்கள் பக்கம் ஜிஎஸ்டி சாலையில் மெட்ரோ 2016 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது, பழவந்தாங்கலில் மின்சார ரயில் இருக்கிறது. மேடவாக்கம் வழியாக மாதவரம் – சோழிங்கநல்லூர் தடம் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் வருகிறது. அது ஓடத் தொடங்கினால் இந்த வித்தியாசம் பாதியாகக் குறைந்துவிடும். நீச்சல்குளம், ஜிம், குழந்தைகள் சைக்கிள் ஓட்ட கார் வராத பாதை, வாசலில் செக்யூரிட்டி என்று பார்த்தால் அக்கா வீட்டோடு போட்டி போட எங்களிடம் எதுவும் இல்லை. அந்தச் சுற்றில் அவளுக்கே வெற்றி.

என்னை முடிவெடுக்க வைத்தது யூடிஎஸ். வீட்டோடு சேர்த்து நம் பெயரில் பதிவாகும், பிரிக்கப்படாத நிலப் பங்கு. வீடு பார்க்கப் போகிறவர்கள் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்க்கிற அளவுக்கு இதைப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை, கூரை விழுகிறவரை.

எங்கள் மனை மூன்று கிரவுண்டு, அதாவது 7,200 சதுர அடி. பழைய கட்டிடத்தில் ஒன்பது வீடு, ஆளுக்கு 800 சதுர அடி வீடு, நிலமும் 800 சதுர அடி. எஃப்எஸ்ஐ 2, அதாவது மனையைப் போல இரண்டு மடங்கு பரப்புக்குக் கட்டலாம் என்ற கணக்கில் அதே மனையில் இப்போது 14,400 சதுர அடி கட்டலாம். எங்கள் ஒன்பது பேருக்கும் ஆளுக்கு 900 சதுர அடி வீடு. மிச்சமுள்ள 6,300 சதுர அடியில் பில்டருக்கு ஆறு வீடு. ஆக, வீடு நூறு அடி பெரிதானது, நிலம் 800இலிருந்து 450க்கு இறங்கியது. "உங்க கைக்காசு ஒரு பைசா வேண்டாம் சார்" என்று பில்டரின் ஆள் சொன்னபோது எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினோம். பைசா வேண்டாம்தான். போனது அந்த 350 அடி.

இதைக் கேட்டு அக்கா சிரித்தாள். "பாதி நிலத்தைக் குடுத்துட்டு வந்து எனக்குப் புத்தி சொல்றியாடா?" சரி, உன் பத்திரத்தை எடு என்றேன். அவள் வீடு 1,250 சதுர அடி, நிலப் பங்கு 385. உயரமான அடுக்குமாடிக்கு எஃப்எஸ்ஐ 3.25 வரை போகலாம் என்பதால் வருகிற கணக்கு அது. ஆயிரம் அடி வீட்டுக்கு எனக்கு 500 அடி நிலம் என்றால் அவளுக்கு 308. அதுவும் நங்கநல்லூர் நிலம் ஒரு விலை, பெரும்பாக்கம் நிலம் ஒரு விலை.

முப்பது வருடம் கழித்து அவள் வீட்டுக் கூரையும் ஒரு நாள் பெயரும். 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். எங்கள் பழைய கட்டிடத்தில் ஆறு பேர் போதும். அந்த ஆறு பேரைச் சேர்ப்பதற்கே பட்ட பாடு இருக்கிறதே! ஒருவர் அமெரிக்காவில், அவரிடமிருந்து பவர் பத்திரம் வந்து சேர நான்கு மாதம். முதல் மாடி மாமி வாஸ்து சரியில்லை என்று ஒரு வருடம் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் பில்டர், "சட்டம் இருக்கட்டும் சார், எனக்கு ஒன்பது கையெழுத்தும் வேணும்" என்று சொல்லிவிட்டார். இப்போது பதினைந்து வீடு, அடுத்த முறை பத்துப் பேர் வேண்டும். அக்கா வளாகத்தில் 400 வீடு. 267 பேரை யார் மொட்டை மாடியில் கூட்டுவது?

மாதச் செலவும் ஏறக்குறைய இதே திசையில்தான் போகிறது. சதுர அடிக்கு நான்கு ரூபாய் வீதம் அக்கா மாதம் 5,000 ரூபாய் மெயின்டனன்ஸ் கட்டுகிறாள். கோடையில் லாரித் தண்ணீர்க் கணக்கு தனியாக நோட்டீஸ் போர்டில் ஏறும். நாங்கள் 2,000 கட்டுகிறோம். இதை வைத்து நான் ரொம்பவும் துள்ளக் கூடாது. எங்கள் லிஃப்ட்டுக்கு இன்னும் வாரண்டி முடியவில்லை, மோட்டாரும் புதுசு. ஐந்து வருடம் கழித்து லிஃப்ட்டில் பெரிய வேலை வந்தால் அங்கே 400 பேர் பங்கிடுவார்கள், இங்கே பதினைந்து பேர். மறுவிற்பனையிலும் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. பில்டர் தன் ஆறு வீடுகளையும் விற்றுவிட்டார் என்பதைத்தான் சொல்ல முடியும்.

இனி எங்கள் பக்கத்துக் குறை. இதை அக்கா சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் மட்டும் இதுவரை நான்கு கட்டிடங்கள் இடித்துக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வீடுகள் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகிவிட்டன. தெருவுக்கு என்ன கூடுதலாக வந்தது? ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதுவும் நடைபாதை மேல். இது யாரோ ஒருவரின் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை, விதியே அப்படித்தான் இருக்கிறது. மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால்தான் பத்து சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 வரை நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டிவிடலாம். அக்கா வளாகம் பெரியது, அதனால் அங்கே பூங்கா வந்தது. எங்கள் மூன்று கிரவுண்டு 669 சதுர மீட்டர்தான். இப்படி ஐந்து மனை சேர்ந்தால் 3,000 தாண்டிவிடும், ஆனால் ஐந்தையும் தனித்தனியாகத்தானே இடித்துக் கட்டுகிறோம்? மெட்ரோ வந்ததால் மனைக்கு மவுசு, மவுசு வந்ததால் ஆள் கூட்டம். அந்தக் கூட்டம் உட்கார ஒரு பெஞ்சு போடும் கடமை மட்டும் எந்த மனைக்கும் இல்லை.

சாக்கடையும் அப்படித்தான். எங்கள் பகுதி சேர்ந்திருந்த ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது மக்களிடம் முன்பணம் வாங்கிப் பாதாளச் சாக்கடை போட்டார்கள். அப்பாவும் 5,000 ரூபாய் கட்டிய ரசீது இன்னும் பத்திரக் கட்டில் இருக்கிறது. அப்போது எங்கள் தெருவில் பாதிக்கு மேல் தனிவீடுகள். இப்போது அதே குழாயில் எத்தனை வீட்டுக் குளியலறைகள் சேருகின்றன என்று எண்ணிப் பார்த்தால் பயமாக இருக்கிறது. சென்ற மழையில் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொண்டு நின்றது. ஆனால் மழைக்காலத்தில் அக்கா பக்கமும் ஒன்றும் வாழவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பெரும்பாக்கம் நின்ற நிலை எல்லோருக்கும் தெரியும்.

மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வருவது இன்னொரு கதை. சென்ட்ரலிலிருந்து அரை மணி நேரம் குளுகுளுவென்று வந்து இறங்குகிறோம். அப்புறம் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து, தெருமுனையில் இறங்கி, பைக்குகளுக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில் சாலையிலேயே நடக்க வேண்டும். 74 வயது அம்மாவை நான் அந்த வழியில் தனியாக அனுப்புவதில்லை.

அம்மாவுக்கு டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஆபீஸ் போன கார்கள் திரும்பி வருவதற்கு முன்னால், ஸ்டில்ட் பார்க்கிங்கில் தூண்களைச் சுற்றி நடக்கிறாள். நாற்பது சுற்று. கணக்கு தப்பாமல் இருக்கக் கையில் ஜபமாலை. மூன்றாம் மாடிக்காரர் சீக்கிரம் வந்துவிட்டால் அவர் ஹாரன் அடிப்பார், அம்மா தூணோடு ஒட்டி நின்று வழிவிடுவாள். போன வாரம் அக்கா வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "எங்க வளாகத்துல வாக்கிங் டிராக்கே இருக்கும்மா, ஒரு மாசம் வந்து இரு" என்றாள். அம்மா மாலையில் மணியைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "அங்கேருந்து நம்ம ஆஞ்சநேயர் கோயிலுக்கு ஆட்டோவுல எவ்வளவு ஆகும், அதைச் சொல்லு முதல்ல."