பாலியில் டாலர் மாற்றுபவர்கள் கவனிக்க: எண்ணி முடித்த பிறகுதான் பணம் குறைகிறது

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குக் குடும்பத்தோடு செல்லவிருப்பவர்கள் பணம் மாற்றும் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். குட்டா, லெகியான் பகுதிகளின் குறுகலான தெருக்களில் துணிக்கடைக்கும் பச்சை குத்தும் கடைக்கும் நடுவே சிறிய மேசை போட்டுப் பணம் மாற்றித் தருபவர்களில் சிலர், கண்ணெதிரே நோட்டுகளை உருவிவிடுகிறார்கள். எங்களுக்கு நடந்ததை, அது எப்படி நடக்கிறது என்று புரியும் அளவுக்கு விவரமாக எழுதுகிறேன்.

லெகியானில் நினைவுப்பொருள் கடை ஒன்றின் உள்மூலையில் அந்த மேசை இருந்தது. வாசலில் இருந்த பலகையில் ஒரு டாலருக்கு 16,350 ரூபியா என்றும், கமிஷன் கிடையாது என்றும் எழுதியிருந்தார்கள். அதே சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைகளில் அன்று 16,100 ரூபியா தான் கிடைத்தது. நாங்கள் 300 டாலர் கொடுத்தோம்; 49,05,000 ரூபியா வர வேண்டும். ஒரு லட்சம் ரூபியா நோட்டு கைவசம் இல்லை என்று சொல்லி, அந்த இளைஞர் 50,000 ரூபியா நோட்டுகளை இருபது இருபதாக அடுக்கத் தொடங்கினார். மூன்றாவது அடுக்கில் இரண்டு நோட்டுகள் குறைவாக இருந்ததை என் அப்பா உடனே சுட்டிக்காட்டினார். "சாரி பாஸ்" என்று சிரித்துக்கொண்டே அவர் இரண்டு நோட்டுகளைச் சேர்த்தார்.

என் அப்பா வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மொத்தக் கட்டையும் கையில் வாங்கி நிதானமாக எண்ணி, 98 நோட்டுகளும் தனியாக ஓர் 5,000 ரூபியா நோட்டும் சரியாக இருப்பதை உறுதி செய்தார். அதன் பிறகு அந்த இளைஞர், ரப்பர் பேண்ட் போட்டுத் தருவதாகச் சொல்லிக் கட்டைத் திரும்ப வாங்கி, ஓரங்களைச் சீர்படுத்துவது போல மேசையின் விளிம்பில் இரண்டு மூன்று முறை தட்டினார். அதே நொடியில் பக்கத்தில் நின்றிருந்த மற்றொருவர், "இந்தியாவா? ஷாருக் கான்!" என்று உற்சாகமாகப் பேச்சுக் கொடுக்க, நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தோம். விடுதி அறைக்கு வந்து எண்ணியபோது 84 நோட்டுகளே இருந்தன. ஏழு லட்சம் ரூபியா, நம் பணத்தில் ஏறக்குறைய மூவாயிரத்து எழுநூறு ரூபாய், காணாமல் போயிருந்தது.

உடனே திரும்பிச் சென்று கேட்டோம். எண்ணிப் பார்த்துத்தானே வாங்கிக்கொண்டு போனீர்கள், கடையை விட்டு வெளியேறிய பிறகு எங்களுக்குப் பொறுப்பில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். ரசீது எதுவும் தராததால் காவல் நிலையத்தில் காட்டுவதற்கு எங்களிடம் ஆதாரமும் இல்லை. வயதானவர் ஒருவரை நிற்க வைத்து அப்படிப் பேசியது பணம் போனதைக் காட்டிலும் எனக்கு அதிகமாக வலித்தது.

விடுதி ஊழியர் ஒருவர் பின்னர் இதன் சூட்சுமத்தை விளக்கினார். கட்டை விளிம்பில் தட்டும்போது அடியில் இருக்கும் நோட்டுகளை விரலால் மடித்து, மேசைக்குப் பின்னால் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விழ விட்டுவிடுவார்களாம். முதலில் இரண்டு நோட்டுகளைக் குறைத்து வைப்பதும் இந்த நாடகத்தின் பகுதிதான். குறையைக் கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் நாம் இருக்கும்போதுதான் உண்மையான திருட்டு நடக்கிறது. ஆகவே எவ்வளவு திறமையாக எண்ணினாலும் பயனில்லை; நீங்கள் எண்ணிய பிறகு அந்த நோட்டுகளை வேறு யாரும் தொடக் கூடாது. ரப்பர் பேண்ட், உறை, மறுபடி சரிபார்ப்பு என்று எந்தக் காரணத்துக்காகவும் கட்டு அவர் கைக்குத் திரும்பிப் போனால், மீண்டும் முதலிலிருந்து எண்ணுங்கள். அல்லது பரிமாற்றமே வேண்டாம் என்று டாலரைத் திருப்பி வாங்கிவிடுங்கள். அப்படி வாங்கும்போது நீங்கள் கொடுத்த அதே டாலர் நோட்டுகள்தானா என்று பார்க்க, முன்கூட்டியே அவற்றின் எண்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

சந்தை விலையைவிடக் கூடுதலாக ஒருவர் தருகிறார் என்றால், அந்த இழப்பை அவர் நம்மிடமிருந்துதான் ஈடுகட்டப் போகிறார். உரிமம் பெற்ற கடைகளில் அந்நாட்டு மத்திய வங்கியான பேங்க் இந்தோனேசியாவின் உரிமச் சான்றிதழும், அனுமதி பெற்றது என்பதைக் குறிக்கும் "பெரிஜின்" என்ற சொல்லுடன் கூடிய சின்னமும் மாட்டப்பட்டிருக்கும். கணினியில் அச்சிட்ட ரசீதும் தருவார்கள். பெயர்பெற்ற நிறுவனங்களின் பெயரை ஓர் எழுத்து மாற்றிப் பலகை வைத்திருக்கும் கடைகளும் உண்டு என்பதால், பெயரை மட்டும் நம்பி உள்ளே போக வேண்டாம். ரூபியாவில் பூஜ்யங்கள் அதிகம் என்பதால் குழப்புவது எளிது. கணக்கை அவர்களுடைய கால்குலேட்டரில் பார்க்காமல் உங்கள் கைப்பேசியில் போடுங்கள். 10,000, 20,000 ரூபியா நோட்டுகளாகக் குவித்தால் வாங்க மறுத்துவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து டாலர் எடுத்துச் செல்பவர்கள் மடிப்போ கறையோ இல்லாத புதிய 100 டாலர் நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். பழைய அல்லது கசங்கிய நோட்டுகளுக்கு அங்கே விலையைக் குறைப்பார்கள். நல்ல கடைகள் அவற்றைத் திருப்பியே விடும், அந்தக் கட்டாயத்தில்தான் பலர் சந்துக் கடைகளுக்குப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். வந்திறங்கியதும் பெறும் விசாவுக்கான 5,00,000 ரூபியாவையும், 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் பாலி அரசு வசூலிக்கும் 1,50,000 ரூபியாவையும் அதிகாரபூர்வத் தளங்களில் அட்டை மூலம் முன்பே கட்டிவிட்டால், கையில் வைத்திருக்க வேண்டிய தொகையும் குறையும்.

ஏடிஎம்மைப் பயன்படுத்துவதானால் வங்கிக் கிளைக்குள் இருக்கும் இயந்திரமே பாதுகாப்பானது. தெருவோர இயந்திரங்களில் அட்டை விவரங்களைத் திருடும் கருவி பொருத்தப்படுவது அங்கே நடந்திருக்கிறது. உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். பல இயந்திரங்களில் முதலில் பணம் வரும், பிறகுதான் அட்டை வெளியே வரும். நம் ஊர்ப் பழக்கத்தில் பணத்தை எடுத்துக்கொண்டு அட்டையை விட்டுவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

மார்ச் மாதத்தில் செல்பவர்கள் நியெபி எனப்படும் மௌன நாளைப் பயணத் தேதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த 24 மணி நேரமும் விமான நிலையம் உட்பட ஏறக்குறைய எல்லாம் மூடியிருக்கும், விருந்தினரும் விடுதியை விட்டு வெளியே வர முடியாது. அதற்கு முந்தைய நாள் மாலையில் அவசரமாகப் பணம் மாற்ற அலையும் நிலை வராமல், இரண்டு நாட்கள் முன்பாகவே உரிமம் உள்ள கடையில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.