மாட்டுக்கு மருந்தா, சுவருக்கு மருந்தா?

வீட்டருகே மாடு கட்டியிருந்தால் கொசு மாட்டைக் கடித்துவிட்டு மனிதரை விட்டுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பாகிஸ்தானில் இருந்த ஆப்கானிய அகதிக் குடியிருப்புகளில் செய்யப்பட்டு 1995இல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது: மாடு வளர்க்கும் குடும்பத்துப் பிள்ளைகளிடமே மலேரியா கூடுதலாக இருந்தது. மாட்டின் ரத்தம் கொசுவுக்குத் தடையின்றிக் கிடைக்கும் உணவு. அது கொசுக்களைப் பெருக்குவதோடு வீட்டு வாசலுக்கும் இழுத்து வருகிறது. ஆகவே மாட்டைச் சும்மா கட்டிவைப்பது ஒரு வழியே அல்ல. மீதமுள்ளவற்றில் உண்மையான போட்டி, சுவரில் மருந்தடிப்பதற்கும் மாட்டின் உடம்பில் மருந்து பூசுவதற்கும் இடையில்தான்.

சுவர் மருந்து, கொசுவின் ஓய்வை நம்பி நிற்கிறது. இந்தியக் கிராமங்களின் முக்கிய மலேரியாக் கொசுவான அனாஃபிலிஸ் கியூலிசிஃபேசிஸ், ரத்தம் குடித்தபின் வீட்டுச் சுவரிலும் தொழுவத்திலும் அமர்ந்து செரிக்கும். அப்போது சுவரில் படிந்துள்ள மருந்து அதைக் கொல்லும். இதன் சாதனையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1953இல் இந்தியாவின் தேசிய மலேரியாத் தடுப்புத் திட்டம் தொடங்கியபோது ஆண்டுக்கு ஏழரைக் கோடி என மதிப்பிடப்பட்ட பாதிப்பு, டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியின் துணையால் 1960களின் நடுவில் ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. ஆனால் 1976இல் அது 60 லட்சத்தைத் தாண்டி மீண்டும் ஏறியது; கொசு டி.டி.டி.க்குப் பழகிக்கொண்டது அதற்கான காரணங்களில் ஒன்று. வீட்டுக்குள் எழும் சிக்கல்கள் இன்னும் எளியவை. மருந்தடிக்க வருகிறார்கள் என்றால் பண்ட பாத்திரங்களை வெளியே எடுக்க வேண்டும். சாமி அறையையும் அடுக்களையையும் பலர் திறந்துவிடுவதில்லை. அடித்த சில நாட்களில் பண்டிகை வந்துவிட்டால், மண் சுவரைச் சாணியால் மெழுகி, படிந்த மருந்தை மூடிவிடுகிறார்கள். மருந்தடிப்பவரின் பதிவேட்டில் அந்த வீடு பாதுகாக்கப்பட்ட வீடாகவே இருக்கும்.

மாட்டு மருந்து, கொசுவின் பசியை நம்புகிறது. பாகிஸ்தானின் ஹங்கு மாவட்டத்தில் ஆறு அகதிக் குடியிருப்புகளில் கால்நடைகளுக்கு, பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லியான டெல்டாமெத்ரின் கரைசலைப் பஞ்சால் பூசிச் சோதித்தார்கள். 2001இல் வெளியான முடிவின்படி, மலேரியாவின் இரு வகைகளில் உயிருக்கு அதிக ஆபத்தான ஃபால்சிபாரம் 56 சதவீதமும், வைவாக்ஸ் 31 சதவீதமும் குறைந்தன. வீட்டுக்குள் மருந்தடிப்பதற்கு இணையான பலன், செலவோ அதைவிட 80 சதவீதம் குறைவு. இதன் சூட்சுமம் எளிது: கொசுவுக்குள் சென்ற மலேரியாக் கிருமி மனிதருக்குப் பரவும் நிலையை எட்டப் பத்து நாட்களுக்கு மேல் பிடிக்கலாம், அதற்குள் கொசு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ரத்தம் தேடியாக வேண்டும். அந்த ரத்தம் பெரும்பாலும் மாட்டினுடையதாக இருந்தால், கிருமி முதிரும் முன்பே கொசு மருந்தில் மாட்டிக்கொள்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. என் கணக்கில் அதுவே பெரியது. உண்ணி ஒழிகிறது, பாலும் எடையும் கூடுகின்றன. சுவரைத் திறந்துவிடத் தயங்குகிறவர், மாட்டைத் தாமே ஓட்டி வந்து நிறுத்துவார்.

இருந்தும் இதை எல்லா ஊருக்கும் பரிந்துரைக்க முடியாது. மனித ரத்தத்தையே நாடும் ஆப்பிரிக்காவின் அனாஃபிலிஸ் காம்பியே, ஒடிசா மலைப்பகுதிகளின் ஃபுளுவியாடிலிஸ் ஆகிய கொசுக்களிடம் இந்த வித்தை பலிக்காது. அங்கே மருந்து தோய்த்த கொசுவலையும் சுவர் மருந்தும்தான் வழி. மருந்தின் வீரியமும் சில வாரங்களே நிற்கும். பூசிய மறுநாளே மாட்டைக் குளத்தில் இறக்கிக் குளிப்பாட்டினால் பலன் போவதோடு, பைரித்ராய்டு வகை மருந்து மீன்களையும் கொல்லும். மேலும் கொசுவலையில் இருப்பதும் அதே வகை மருந்து என்பதால், மாட்டில் தாராளமாகப் பயன்படுத்தினால் கொசுவின் எதிர்ப்புத் திறன் வளர்ந்து வலையையும் பலவீனப்படுத்தக்கூடும். குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் தரும் ஐவர்மெக்டின் ஊசி போட்ட மாட்டைக் கடிக்கும் கொசுவும் சாகும் என்றாலும், கறவை மாட்டுக்கு அதைப் போட்டால் பாலை விற்கவோ குடிக்கவோ முடியாத சிக்கல் வரும். வேப்பிலை மூட்டம் புகை இருக்கும்வரை கொசுவை விரட்டும், அவ்வளவுதான்.

ஆகவே மாவட்ட அளவில் முடிவெடுப்பவர், கொசு எதைக் கடிக்கிறது என்பதை முதலில் ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். பிடித்த கொசுவின் வயிற்றிலுள்ள ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். கொசுவின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது: கியூலிசிஃபேசிஸிலேயே ஐந்து உள்வகைகள் உண்டு. அவற்றில் 'பி' மலேரியாவைப் பரப்புவதில் மிக மந்தமானது, ராமேஸ்வரம் தீவிலும் இலங்கையிலும் காணப்படும் 'இ' வீரியமானது. மாட்டையே பெரிதும் கடிக்கும் கொசு இருக்கும் ஊரில், அதிலும் சாணி மெழுகும் வீடுகள் மிகுந்த ஊரில், என் தேர்வு மாட்டு மருந்து. ஆனால் கொசுவலையை எடுத்துவிட்டு அல்ல. சென்னையைப் போல மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் ஸ்டீஃபென்சி என்ற நகரத்து மலேரியாக் கொசு முட்டையிடும் இடங்களில் இந்தப் போட்டிக்கே பொருளில்லை. அங்கே தொட்டிக்கு இறுக்கமான மூடி போட்டால்தான் வேலை நடக்கும்.