கோத்தகிரி மழைக்கு எந்த கேம்: ஜிடிஏ 5, மாஃபியா, ஸ்லீப்பிங் டாக்ஸ்

கோத்தகிரியில் ஐப்பசி பிறந்துவிட்டால் சாயங்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. நாலு மணிக்கே பனி வந்து ஜன்னலை அடைத்துக்கொள்ளும், அப்புறம் மழை. மார்கழி வரைக்கும் ஓடுகிற மாதிரி ஒரு பெரிய கேம் வேண்டும் என்று போன வருஷம் தேடினேன். வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்ற வேண்டும், நடுநடுவே கொஞ்சம் அடிதடி, கடத்தல், போலீஸ் துரத்தல் இருக்க வேண்டும். கடைசியில் மிஞ்சியவை மூன்று: ஜிடிஏ 5 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ), மாஃபியா டெஃபினிட்டிவ் எடிஷன், ஸ்லீப்பிங் டாக்ஸ் டெஃபினிட்டிவ் எடிஷன். நான் வாங்கியது ஸ்லீப்பிங் டாக்ஸ். அதனால் இதை நடுநிலைத் தராசு என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

என்னிடம் இருப்பது நாலு வருஷப் பழைய லாப்டாப். 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, 256 ஜிபி எஸ்எஸ்டி. மூன்றுமே அதில் ஓடும். மூன்றுமே பதினெட்டு வயது தாண்டியவர்களுக்கானவை, சின்னப் பிள்ளைகள் இருக்கும் கூடத்தில் வைத்து ஆடாதீர்கள். விலையைப் பற்றி மெனக்கெட வேண்டாம், கேமை வாங்கி நெட்டில் இறக்கிக்கொள்ளும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் தள்ளுபடி வரும்வரை காத்திருந்தால் மூன்றும் மலிவாகக் கிடைக்கும். ஆடி முடித்த பிறகு விற்றுவிடலாம் என்ற கணக்கெல்லாம் டிஸ்க் வாங்குகிறவர்களுக்குத்தான்.

ஜிடிஏ 5 பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? 2013-ல் வந்தது, கம்ப்யூட்டருக்கு 2015-ல். 20 கோடிக்கு மேல் விற்ற கேம். மைக்கேல், ஃபிராங்க்ளின், ட்ரெவர் என்று மூன்று பேர், நினைத்த நேரத்தில் ஒருவரிலிருந்து இன்னொருவருக்குத் தாவலாம். லாஸ் ஏஞ்சலஸைப் பார்த்துச் செய்த லாஸ் சான்டோஸ் நகரம், அதற்கு வடக்கே பாலைவனம், சிலியாட் மலை, கடல், விமானம். அளவிலும் சரி, செய்வதற்கு உள்ள வேலையிலும் சரி, மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வர முடியாது. என் அக்கா மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். அவன் கட்சி இதுதான். "மாமா, ஜிடிஏ இருக்கும்போது வேற எதுக்கு யோசிக்கறீங்க?" என்றான்.

அவன் ஹாஸ்டலில் நெட் பறக்கும். அங்கேதான் எங்கள் இருவருக்கும் வழி பிரிகிறது.

எங்கள் வீடு இருக்கும் மேட்டுக்கு ஃபைபர் கம்பி இன்னும் ஏறவில்லை. போனை ஒரு துணிப்பையில் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் 4ஜி இரண்டு கோடு காட்டும். அதிலிருந்து ஹாட்ஸ்பாட். ஒரு நாளைக்கு 2 ஜிபி. இப்போது கணக்குப் போடுங்கள். ஜிடிஏ 5 இன்றைக்கு 100 ஜிபிக்கு மேல் இடம் கேட்கிறது. வாட்ஸாப்கூடத் திறக்காமல் இருந்தாலும் ஐம்பது நாள். மாஃபியா 50 ஜிபி, இருபத்தைந்து நாள். ஸ்லீப்பிங் டாக்ஸ் 20 ஜிபி, பத்தே நாள்.

அந்தப் பத்து நாளை இப்படித்தான் ஓட்டினேன். ராத்திரி பதினொன்றரைக்கு லாப்டாப்பைத் திறந்து அன்றைய மிச்சத்தை ஸ்டீமுக்குக் கொடுத்துவிட வேண்டும். பன்னிரண்டு அடித்ததும் புது நாளின் டேட்டா வந்து சேரும். அதில் ஒன்றரை ஜிபி இறங்கியதும் நிறுத்திவிட்டுப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் வேலைக்கு நெட் இருக்காது. ஒன்பதாம் நாள் ராத்திரி மரம் ஒன்று லைன் மேல் சாய்ந்து கரண்ட் போனது. அடுத்த நாள் மத்தியானம்தான் வந்தது. நல்லவேளை, ஸ்டீம் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது.

இதற்குக் குறுக்கு வழி இருக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள், இருக்கத்தான் செய்கிறது. நெட் உள்ள இடத்தில் ஒருவர் இறக்கி, அந்த ஃபோல்டரை ஹார்ட் டிஸ்கில் கொண்டுவந்து, நம் ஸ்டீம் ஃபோல்டருக்குள் வைத்து இன்ஸ்டால் கொடுத்தால் போதும். இருக்கும் ஃபைல்களைச் சரிபார்த்துவிட்டு மிச்சத்தை மட்டும் இறக்கும். கேமை நாமும் வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே முதல் இறக்கம் ஒரு தடவைத் தலைவலி, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினால் தீர்ந்துவிடும்.

தீராதது அதற்குப் பின்னால் வரும் அப்டேட். ஜிடிஏ 5-க்கு ஆன்லைன் என்று, நெட்டில் மற்றவர்களோடு சேர்ந்து ஆடும் ஒரு பாதி இருக்கிறது. அதற்கு இன்னும் புதுச் சரக்கு வந்துகொண்டே இருக்கிறது. நான் ஆன்லைன் பக்கமே போகாதவனாக இருந்தாலும், கதை மட்டும் ஆடுகிறவனாக இருந்தாலும், அந்த மூட்டையை நானும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஆசையாக உட்கார்ந்தால் முதலில் இத்தனை ஜிபி இறக்கு என்று நிற்கும். ஸ்டீமை ஆஃப்லைனில் போட்டுத் தப்பிக்கலாம். ஆனால் அதற்கு மேல், ஜிடிஏவைச் செய்த ராக்ஸ்டாரின் லாஞ்சர் (கேமைத் திறக்கும் ஆப்), அதற்குத் தனி அக்கவுன்ட் என்று இன்னொரு படி இருக்கிறது.

ஸ்லீப்பிங் டாக்ஸ் 2012-ல் வந்தது. அதையே மெருகேற்றி விட்ட டெஃபினிட்டிவ் எடிஷன் 2014. செய்த யுனைடெட் ஃபிரன்ட் கேம்ஸ் 2016-ல் கடையை மூடிவிட்டது. இரண்டாம் பாகம் வரவே இல்லை. ரசிகர்கள் இதைத் துக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதுவே லாபம். ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்றுவதுபோல வாராவாரம் அப்டேட் வராது. இறக்கி வைத்தால் வைத்தபடி இருக்கும். தீபாவளிக்கு விட்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி திறந்தேன். நேரே கேம்தான் வந்தது.

அடுத்த காரணம் கொஞ்சம் அற்பமாகத் தோன்றும். இந்தக் கேம் நடப்பது ஹாங்காங்கில். அங்கேயும் வண்டி இடது பக்கம்தான் ஓடும், ஸ்டியரிங் வலது பக்கம். தினமும் கோத்தகிரி–குன்னூர் ரோட்டில் ஜீப்புக்கும் பஸ்ஸுக்கும் ஒதுங்கிப் பழகிய கைக்கு இது எவ்வளவு நிம்மதி என்று ஆடிப் பார்த்தால்தான் தெரியும். ஜிடிஏவில் நான் வளைவில் தன்னிச்சையாக இடது பக்கம் ஒதுங்குவேன், எதிரே ஒரு லாரி வந்து நிற்கும். அதில் சிலியாட் மலையிலிருந்து உருட்டிக்கொண்டு இறங்குவது பெரிய விளையாட்டு என்பார்கள். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவில் பிரேக் கருகும் வாசனையோடு இறங்கிய ஆளுக்கு அது பெரிதாக உறைக்கவில்லை.

கதை, வெய் ஷென் என்ற போலீஸ்காரன் ரவுடிக் கும்பலுக்குள் ஆளாக நுழைந்து வேலை பார்ப்பது. துப்பாக்கி குறைவு, கைகால்தான் அதிகம். அடிக்க வருகிறவன் மேல் சிவப்பு மின்னும்போது பட்டனை அமுக்கினால் அவன் கையையே பிடித்துத் திருப்பிவிடலாம். நகரம் முழுக்க 50 சின்னச் சின்னக் கோயில்கள் ஒளிந்திருக்கின்றன. நின்று கும்பிட்டால், ஐந்துக்கு ஒரு தரம் உயிர்ப்பட்டை நீளும். கும்பிடு போட்டால் ஆயுசு கூடும் என்ற கணக்கை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ராத்திரி மழையில் நனைந்த ரோட்டில் கடை விளக்குகள் சிதறிக் கிடக்க, பைக்கை எடுத்துக்கொண்டு சும்மா சுற்றுவேன். வெளியேயும் மழை, உள்ளேயும் மழை. பக்கத்தில் கட்டன் சாயாவும் இரண்டு வர்க்கியும்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. விமானம் கிடையாது. ஊர் சின்னது, நாலே பகுதி. முக்கியக் கதையை நான் மூன்று வாரத்தில் முடித்துவிட்டேன், அதாவது மார்கழி வரை இழுக்கும் என்ற என் கணக்கு பொய்த்தது. மவுஸில் கேமரா முரண்டு பிடிக்கும். கன்ட்ரோலர் இருந்தால் பாதித் தொல்லை போய்விடும். துப்பாக்கிச் சண்டை சுமார் ரகம், அதில் ஜிடிஏ எங்கேயோ இருக்கிறது.

மாஃபியாவைப் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது. அக்கா மகன் லாப்டாப்பில் ஒரு விடுமுறையில் ஐந்தாறு அத்தியாயம் ஆடியதுதான். 2002-ல் வந்த பழைய கேமை 2020-ல் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். 1930-களின் அமெரிக்கா, டாக்ஸி ஓட்டும் டாமி கும்பலில் சேருகிற கதை. பார்க்க மூன்றிலும் இதுதான் அழகு என்று எனக்குப் பட்டது. அந்தக் காலத்துக் கார், மேட்டில் முக்கி முக்கித்தான் ஏறும். வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓட்ட ஒரு பட்டனே உண்டு. ஆனால் ஊர் சுற்றிப் பொழுதுபோக்க வந்தவனுக்கு இது சரிப்படாது. கதை ஒரே தண்டவாளத்தில் ஓடும், சுற்றித் திரிய வேண்டுமென்றால் அதற்குக் கேமுக்குள்ளேயே தனிப் பிரிவு. நல்ல கதை ஒன்றைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் பார்த்து முடிக்க வேண்டும் என்பவர் எடுக்கலாம். பின்பாதி எப்படி என்று முடித்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஃபைபர் இருந்து, எஸ்எஸ்டியும் 512-க்கு மேல் இருந்து, கூட ஆட நாலு நண்பர்களும் இருந்தால் நான் சொன்ன எதையும் காதில் வாங்காமல் ஜிடிஏ 5 எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூர் டவுனில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் எடுத்திருப்பேனோ என்னவோ.

பொங்கலுக்கு அக்கா மகன் வந்தபோது ஹார்ட் டிஸ்கில் ஜிடிஏ ஃபோல்டரை முழுசாகக் கொண்டுவந்திருந்தான். "தள்ளுபடில வாங்கிக்கோங்க மாமா, மீதிய நான் பாத்துக்கறேன்." அதை என் லாப்டாப்புக்கு மாற்ற உட்கார்ந்தவன், காலி இடம் 61 ஜிபிதான் என்று பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். எதையாவது அழிக்கலாமா என்று தேடும்போது ஸ்லீப்பிங் டாக்ஸ் கண்ணில் பட்டது. "இதத் தூக்கிரலாமா?" என்றான். சும்மா ஒரு தரம் ஆடிப் பார்த்துவிட்டுச் சொல் என்றேன். ராத்திரி இரண்டு மணிக்கு நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்போது கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதினோராவது கோயிலைத் தேடிக்கொண்டிருந்தான்.