ஃபால்ஸ் சீலிங் ஹாலஜனை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்ட பிறகு: சில வருட அனுபவம்

ஃபால்ஸ் சீலிங்கில் இன்னும் ஹாலஜன் ஸ்பாட் லைட் எரிகிற வீட்டுக்காரர்கள் எல்.இ.டி.க்கு மாறலாமா என்று கேட்டால், தயங்காமல் மாறிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் எந்த எல்.இ.டி., அதன் டிரைவர் (வீட்டுக் கரண்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்ன சர்க்யூட்) எங்கே உட்கார்ந்திருக்கிறது, பழைய டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றினீர்களா என்பதையும் கூடவே கேட்பேன். கரண்ட் மிச்சம் எந்த எல்.இ.டி. போட்டாலும் கிடைத்துவிடும். அது எத்தனை வருடம் தொந்தரவில்லாமல் எரியும் என்பதை இந்த விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன. நாங்கள் மாற்றியது 2017இல். அன்றிலிருந்து அதே விளக்குகளின் கீழேதான் சமைக்கிறோம், படிக்கிறோம், விருந்தாளிகளோடு உட்கார்ந்து பேசுகிறோம்.

எங்களுடையது சென்னையில் ஓர் அபார்ட்மென்ட்டின் மேல்மாடி வீடு. ஹால், டைனிங், பூஜை அலமாரிக்கு முன்பக்கம், உள்ளே போகும் நடை என்று ஜிப்சம் சீலிங்கில் மொத்தம் 14 ஹாலஜன்கள். எல்லாமே 12 வோல்ட், 50 வாட்ஸ், எம்.ஆர்.16 வகை. இரண்டு இஞ்ச் அகலக் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் சின்ன பல்ப், பின்னால் இரண்டு மெல்லிய கம்பிக் கால்கள், ஒவ்வொன்றுக்கும் சீலிங்கின் மேல், 230 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் ஒரு குட்டி எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர்.

ஹாலஜன் வெளிச்சம் அழகானது, அதை மறுக்க மாட்டேன். சூடான டங்ஸ்டன் இழையிலிருந்து வருவதால் எல்லா நிறமும் அதில் குறையில்லாமல் இருக்கும். தோல், மரம், பட்டு, சாப்பாடு எல்லாம் அதன் கீழே உயிரோடு தெரியும். ஆனால் உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. அந்த பல்ப் ஒழுங்காக வேலை செய்யவே அதன் சுவர் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தின் பூச்சு வெளிச்சத்தைக் கீழே அனுப்பிவிட்டு, வெப்பக் கதிர்களில் பெரும்பகுதியைப் பின்பக்கமாக, அதாவது சீலிங்கின் உள்ளே விடுகிறது. மேலே மொட்டைமாடியில் மே மாத வெயில், நடுவில் அரையடி இடைவெளி, அதில் 700 வாட்ஸ் அடுப்பு. எங்கள் வீட்டில் ஓட்டைகளைச் சுற்றி ஜிப்சம் பழுப்பேறி, வயரின் மேல்தோல் மொறுமொறுவென்று ஆகியிருந்தது. ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட்ஸ். அதில் ஐந்தில் ஒரு பங்கை விளக்குகளே உண்டாக்கிக்கொண்டிருந்தன என்றால் பாருங்கள்.

பில் கணக்கு எளிது. மாலை ஆறு முதல் பதினொன்று வரை எல்லாம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 300 மணி நேரம். 700 வாட்ஸுக்கு அது 210 யூனிட். இப்போது சராசரியாக ஒரு விளக்குக்கு 6 வாட்ஸ் என்று 84 வாட்ஸ்; அதே 300 மணி நேரத்துக்கு 25 யூனிட். தமிழ்நாட்டு ஈபி கணக்கில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படிகளில் கிடைக்கும் குறைந்த விலையும் கைவிட்டுப் போகும். கோடையில் ஏ.சி.யால் 600ஐத் தொடுகிற வீடு, விளக்கை மாற்றியே 500க்குள் வந்துவிட முடியும்.

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி, ஹாலஜனைப் பிடுங்கிவிட்டு அதே காலில் 12 வோல்ட் எம்.ஆர்.16 எல்.இ.டி.யைச் செருகுவது. எங்கள் எலக்ட்ரீஷியனும் ஒரு பாயின்டில் அதைச் செருகிக் காட்டினார். விளக்கு துடித்தது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் 50 வாட்ஸ் இழுக்கும் பல்புக்காகச் செய்யப்பட்டது. குறைந்தபட்சம் 20 வாட்ஸ் சுமையாவது இருந்தால்தான் பலவும் நிலையாக ஓடும். 5 வாட்ஸ் எல்.இ.டி.யை மாட்டினால் விளக்கு இருக்கிறதா இல்லையா என்றே அதற்குத் தெரியாது. எரிந்து அணைந்து எரியும். சில வீடுகளில் துடிக்காமல் எரியலாம். அப்போதும் அந்த டிரான்ஸ்ஃபார்மர் தரும் மின்சாரம் எல்.இ.டி.க்கு ஏற்ற நிதானமான டி.சி. அல்ல. அதனால் டிரான்ஸ்ஃபார்மரை மேலேயே விட்டுவைக்காதீர்கள். 14ஐயும் கழற்றிக் கீழே இறக்கச் சொன்னோம். அந்த ஒரு நாள் கூலி வீண்போகவே இல்லை.

டைனிங்கில், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேரடி 230 வோல்ட்டில் எரியும் ஜி.யூ.10 வகை எல்.இ.டி. பல்புகள் போட்டோம். பழைய ஓட்டை, பழைய வளையம் அப்படியே இருக்கும், ஹோல்டர் மட்டும் மாறும், செலவும் குறைவு. 50 வாட்ஸ் ஜி.யூ.10 ஹாலஜனுக்கு ஈடாகச் சுமார் 350 லூமன் (வெளிச்சத்தின் அளவு) இருந்தால் போதும், 5 வாட்ஸ் எல்.இ.டி.யே அதைத் தந்துவிடும். கடைக்காரர்கள் ‘சேஃபா 12 வாட்ஸ் போட்டுக்கோங்க’ என்பார்கள், கேட்காதீர்கள். கண் கூசும், சூடும் ஏறும். இங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் உண்டு. 12 வோல்ட் காலத்து உலோக வளையங்களுக்கு எர்த் தேவைப்படவில்லை என்பதால் பல வீடுகளில் எர்த் வயரே அதுவரை வந்திருக்காது. அதே உலோகத்துக்குள் 230 வோல்ட்டைக் கொண்டுபோகும்போது எர்த் கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வளையத்தை பிளாஸ்டிக்காக மாற்ற வேண்டும். எலக்ட்ரீஷியன் ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா’ என்றாலும் நின்று செய்யச் சொல்லுங்கள்.

ஹாலுக்கும் பூஜை அலமாரிக்கும் சி.ஓ.பி. டவுன்லைட். அலுமினிய உடம்பு, உள்ளே தள்ளி உட்கார்ந்த ஒரே மஞ்சள் பொட்டு, இரண்டடி வயரின் மறுமுனையில் தனியாக ஒரு டிரைவர். பழைய ஓட்டை சின்னதாக இருந்ததால் மூன்று இஞ்சுக்கு அறுக்க வேண்டியிருந்தது, தூசி இரண்டு நாள் போகவில்லை. நடையில் மெல்லிய 6 வாட்ஸ் பேனல் லைட். மூன்றிலும் விலை குறைந்தது இதுதான்.

இத்தனை வருடத்தில் எது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஜி.யூ.10 பல்புகளில் பாதிக்கு மேல் ஒரு முறையாவது மாற்றியாகிவிட்டது. பெட்டியில் 25,000 மணி நேரம் என்றுதான் போட்டிருந்தது. எல்.இ.டி. சில்லு அந்த அளவுக்குத் தாங்கும், ஆனால் பல்பின் கழுத்துக்குள் அடைபட்டிருக்கும் டிரைவர் தாங்காது. அதில் இருக்கும் எலக்ட்ரோலைடிக் கெபாசிட்டரின் ஆயுள், சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் வழக்கமாகச் சொல்கிற கணக்கு. மூடிய சீலிங்குக்குள், மேல்மாடியில், விளக்கின் சொந்தச் சூட்டிலேயே வெந்தால் எவ்வளவு நாள் ஓடும்? போனால் பல்ப் முழுவதையும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

ஹாலின் சி.ஓ.பி. விளக்குகளில் சில அணைந்திருக்கின்றன. அப்போதெல்லாம் எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்றபடி சொல்வது ஒன்றுதான்: “லைட்டு நல்லாத்தான் இருக்குக்கா, சோக்குதான் போச்சு.” சோக்கு என்று அவர் சொல்வது டிரைவரைத்தான். டிரைவரை மட்டும் மாற்றினால் விளக்கு பழையபடி எரியும். சில்லு ஒன்றுகூட இதுவரை போகவில்லை. டிரைவரை விளக்கின் முதுகில் ஒட்டாமல், வயர் நீளும் தூரத்துக்குத் தள்ளி ஜிப்சம் சட்டத்தின் மேல் வைக்கச் சொன்ன பிறகு இந்தப் பழுதும் வெகுவாகக் குறைந்துவிட்டது. மொட்டைமாடியில் அசோசியேஷன் வெள்ளைக் குளிர்ப்பூச்சு அடித்ததும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். பேனல்கள் அணையவில்லை, ஆனால் ஓரங்களில் மஞ்சள் பாய்ந்து வெளிச்சம் மங்கியிருக்கிறது. நடைக்கு அது போதும், ஹாலில் அதைப் போட மாட்டேன்.

இனி நிறம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை, ஏனென்றால் வீட்டில் தினமும் கண்ணில் படுவது இதுதான். வெளிச்சத்தின் நிறத்தை கெல்வினில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. முதல் சாம்பிளாகக் கடையில் கொடுத்தது 6500 கெல்வின் வெள்ளை. மாமியார் ஹாலுக்குள் வந்து நின்று, “என்னம்மா இது, ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கே” என்றார். அவர் சொன்னது சரி. ஹாலஜனின் வெளிச்சம் ஏறக்குறைய 2800 முதல் 3000 கெல்வின். அதற்குப் பழகிய கண்ணுக்கு 3000 கெல்வின் வார்ம் ஒயிட்தான் பொருந்தும். சமையல் மேடைக்கு மட்டும் 4000 போட்டோம், அங்கே அது நன்றாக இருக்கிறது.

கெல்வின் மட்டும் பார்த்தால் போதாது. வெள்ளை எல்.இ.டி. என்பது அடிப்படையில் நீல ஒளி தரும் சில்லின் மேல் பூசிய பாஸ்பர், அதாவது அந்த நீலத்தில் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்றும் பூச்சு. விலை மலிந்தவற்றில் அடர்சிவப்பு மிகவும் குறைவாக இருக்கும். சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குத் தரும் அளவு) 80 என்று எழுதியிருக்கும் விளக்கின் கீழே என் அரக்குப் பட்டுப்புடவை செங்கல் நிறத்தில் தெரிந்தது. தக்காளிக் குழம்பு பழுப்பாக, சாமி படத்துக் குங்குமம் காய்ந்த மண் நிறத்தில் தெரிந்தது. சி.ஆர்.ஐ. 90க்கு மேல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஆர்9 என்ற சிவப்பு அளவைத் தனியாகக் குறித்திருந்தால் அது 50க்கு மேல் இருக்கட்டும். பாரிமுனைப் பக்கத்து எலக்ட்ரிகல் கடைகளில் கேட்டால் பலரும் ‘எல்லாம் ஒண்ணுதாம்மா’ என்பார்கள். ஒரு சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு போய் அடியில் பிடித்துப் பாருங்கள், அவர்களுக்கே வித்தியாசம் தெரியும். பூஜை அலமாரிக்கு 90 சி.ஆர்.ஐ. போட்ட பிறகு குத்துவிளக்கின் பித்தளையும் அரளிப் பூவும் ஹாலஜன் நாளில் இருந்த மாதிரியே தெரிகின்றன. அந்த ஒரு இடத்துக்காகக் கொடுத்த கூடுதல் காசு எனக்குப் பெரிதாகவே தோன்றவில்லை.

துடிப்பைச் சோதிக்க மொபைல் கேமரா போதும். விளக்கை நோக்கி கேமராவைத் திறந்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் டிரைவர் மட்டமானது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி வரும். என் கணவருக்கு வந்தது, நல்ல டிரைவர் போட்டதும் நின்றது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தால் டிம்மர் வேலை செய்யும் டிரைவரா என்று கேட்க வேண்டும். ஹாலஜனுக்கு வைத்த பழைய ரெகுலேட்டர் பெரும்பாலும் ஒத்துவராது, அதையும் மாற்றும்படி ஆகும். பெட்டியில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை இல்லாததைத் தொடவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை இடி மின்னலில் முதலில் சாவது அவைதான்.

நான் எதிர்பார்க்காத நன்மை ஒன்று இன்வெர்ட்டரில் கிடைத்தது. ஹாலஜன் நாளில் ஹால் விளக்குகளை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கவே முடியாது. நான்கு போட்டாலே 200 வாட்ஸ். இப்போது நான்கு சேர்ந்து 24 வாட்ஸ். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கரண்ட் போய்க் கிடந்தபோது, 150 ஏ.எச். பேட்டரியில் ஒரு ஃபேனும் ஹாலில் இரண்டு விளக்குமாகச் சமாளித்தோம். கீழ்வீட்டுப் பிள்ளைகளும் மேலே வந்து உட்கார்ந்து விளையாடினார்கள். அந்த இரவு மாமியார் வெளிச்சத்தின் நிறத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

புதிதாக வீடு கட்டுபவர்கள், சீலிங் வேலை இன்னும் ஆரம்பிக்காதவர்கள், ஸ்பாட் லைட் எண்ணிக்கையையே குறைக்கலாம். டிசைனர் வரைபடத்தில் நான்கடிக்கு ஒன்று என்று பொட்டு வைத்துவிடுவார்கள். வீட்டில் உட்கார்ந்து பேசும் ஹாலுக்குச் சுவரோரம் சீலிங் மடிப்புக்குள் மறைத்து ஒட்டும் எல்.இ.டி. பட்டையான கோவ் ஸ்ட்ரிப் ஒன்று, படிக்கிற நாற்காலிக்கு ஒரு விளக்கு, படத்துக்கோ அலமாரிக்கோ இரண்டு சி.ஓ.பி. இருந்தால் தாராளம். ஸ்ட்ரிப் போட்டால் அதன் டிரைவரைக் கைக்கு எட்டும் இடத்தில், அலமாரியின் மேல்தட்டிலோ ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்திலோ வைக்கச் சொல்லுங்கள்.

தனி டிரைவர் உள்ள விளக்கு வாங்கினால், வாங்கும்போதே அதே அளவு டிரைவர் இரண்டைக் கூடுதலாக எடுத்து வையுங்கள். பார்க்க வேண்டியது வாட்ஸ் அல்ல. டிரைவரின் மேல் அச்சிட்டிருக்கும் மில்லி ஆம்பியரும் வோல்ட் வரம்பும். 300 மில்லி ஆம்பியர் விளக்குக்கு 600 மில்லி ஆம்பியர் டிரைவர் போட்டால் சில்லு கருகும். அந்த லேபிளை மொபைலில் படமெடுத்து வைத்துக்கொண்டால் கடையில் ஒரே நிமிடத்தில் வேலை முடியும்.